பட்டுப் புடவையில் ஒரு டெஸ்ட் டிரைவ்

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்க. முதல்ல கார் கிளம்பட்டும்.

அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப்போற எங்கப்பா தணிகாசலம், அதுக்குள்ள வீட்டுக் கடனை அடைக்கணும்னு வருஷக்கணக்கா சைக்கிள் மிதிச்சவர். ஒரே ஒரு தவணைதான் பாக்கி. மோப்பம் பிடிச்சு வந்தார் கார் ஷோரூம் மேனேஜர் நவநீதன். அவர் பேச்சை மூக்கால படிங்க: "சைக்கிள்ல போனா எவன் சார் மதிப்பான்? லோன் நான் வாங்கித் தர்றேன். ஒரு தடவை உட்காருங்க, இறங்கவே மனசு வராது!"

"நல்ல நேரத்துலதான் ஏறுவோம். ஞாயித்துக்கிழமை காலையில, மரக்காணம் வரைக்கும்," என்றார் அப்பா, பால் குடிக்காத பூனை மாதிரி.

ஞாயிறன்று அம்மா பட்டுப்புடவை, அப்பா பட்டுவேட்டி. "காருக்கே இவ்வளவு மரியாதையா!" உருகிப்போய் மேனேஜரே ஓட்டினார். உப்பளங்கள் வெள்ளை மேகமாய் மிதந்தன. மல்லிகை வாசத்தில் அம்மா கண்மூடிச் சிரித்தாள். கார் ஓடுதா, பறக்குதான்னே தெரியலை.

"இங்க நிறுத்துங்க."

வாழைமரம் கட்டின வாசல். பீப்பீ டும்டும். யாரோ மேனேஜர் மேல பன்னீர் தெளிச்சாங்க.

"எனக்கு இறங்க மனசு வந்துடுச்சு சார்," என்றார் அப்பா. "மச்சான் பொண்ணு கல்யாணம். நீங்களும் சாப்பிட்டுட்டுப் போங்க."

மேனேஜர் முகத்தைத் துடைத்தார். "அப்போ அந்த நல்ல நேரம்... முகூர்த்த நேரமா சார்?"