ஒற்றனாய் வந்த நொச்சிப் பானை

நெடுங்காவூர் ராஜா உக்கிரசேனருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. ஒன்பது நாளாயிற்று. நமக்கு அடைத்தால் வீட்டோடு போகும். ராஜாவுக்கு அடைத்தால் நாடே அல்லவா மூச்சுமுட்ட வேண்டும்!

"எட் பூக்கு! பூச்சு விட புடியவில்லை!" என்று சிங்காதனத்தில் உட்கார்ந்து அலறினார். மூக்கடைத்தவர் வாயில் 'ம'வும் வராது, 'ன'வும் வராது. பாவம், தன் பெயரைக்கூட அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

மந்திரி அடைக்கலநாதர் ஒரு யோசனை சொன்னார். "இருப்பதிலேயே பெரிய மூக்கு யானைக்குத்தான். அடைப்பை அதுவே உறிஞ்சி எடுக்கட்டும்." பட்டத்து யானை சபைக்கு வந்தது. துதிக்கையை ராஜாவின் மூக்கில் வைத்தது. ஒரு தும்மல் போட்டது. கிரீடம் பறந்துபோய்த் தாமரைக் குளத்தில் விழுந்தது. அடைப்பு மட்டும் அசையவில்லை.

அரண்மனை வைத்தியர் சித்திரவேலருக்குப் பொறுக்கவில்லை. "இதற்கு யானை எதற்கு மகாராஜா? வீட்டு வைத்தியம் போதும். ஒரு பானை வெந்நீர், ஒரு பிடி நொச்சி இலை, கொஞ்சம் மஞ்சள்தூள். பானைமேல் தலையைக் குனிந்து, போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடித்தால்..."

"குனிந்தா?" என்று கத்தினார் மந்திரி.

வந்தது வினை. நெடுங்காவூர் ராஜ வம்சத்தில் யாரும் தலை குனிந்ததே கிடையாது. சாப்பாட்டு இலையை இரண்டு பேர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். காலில் முள் தைத்தால் காலைத்தான் முகத்துக்கு உயர்த்துவார்கள். அப்பேர்ப்பட்ட தலையைக் கேவலம் ஒரு மண்பானைக்கு முன்னால் குனியச் சொல்லலாமா?

"பொழுது சாய்வதற்குள் இவட் பூக்கை அறு!" என்றார் ராஜா.

சபை விகடன் கொழுந்துவேல் வீட்டுக்கு ஓடினான். வைத்தியர் அவனுடைய மச்சான். செய்தி அவனுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. மனைவி பூவாயி கையில் அகப்பையோடு வாசலில் நின்றாள்.

"எங்கண்ணன் மூக்கு அவர் மூஞ்சியில இருந்தா வீட்டுக்கு வாங்க. இல்லைன்னா உங்க மூக்கு இந்தப் படி தாண்டாது."

கொழுந்துவேல் வந்த வழியே திரும்பினான். நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனான். சற்று நேரத்தில், வாய் கட்டிய பானை ஒன்றை இரண்டு ஆட்கள் சபைக்குத் தூக்கிவந்து முக்காலிமேல் வைத்தார்கள்.

"மகாராஜா! எல்லை தாண்டி நம் ஒற்றன் வந்திருக்கிறான்!" என்றான் கொழுந்துவேல்.

"இது பாடையல்லவா?" என்றார் ராஜா. சபை திடுக்கிட்டது. பானையைத்தான் அப்படிச் சொன்னார்.

"பானை வேடத்தில் இருக்கிறான், மகாராஜா. மூன்று மாதம் எதிரி ராஜாவின் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தான். ஒருவனுக்காவது சந்தேகம் வந்ததா?"

ராஜா யோசித்துப் பார்த்தார். யார்தான் பானையைச் சந்தேகப்படுவார்கள்? நியாயமாகத்தான் பட்டது.

ஒற்றன் வந்தால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசரும் ஒற்றனும் கறுப்புப் போர்வைக்குள் போய்விடுவார்கள். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். எட்டிப் பார்த்தால் கண்ணைப் பிடுங்குவது சட்டம். சட்டத்தை எழுதியவர் சாட்சாத் அடைக்கலநாதரே.

போர்வை வந்தது. சபை சுவர்ப்பக்கம் திரும்பியது. கொழுந்துவேலும் திரும்பி நின்றுகொண்டான். உள்ளே பானையின் வாயை அவிழ்த்தார் ராஜா.

குடகுடகுட என்றது பானை.

"ஒட்றுப் புரியவில்லையே!" என்று போர்வை கத்தியது.

"எதிரியின் படையை ஒவ்வொன்றாகச் சொல்கிறான், மகாராஜா. ரகசியமல்லவா, மெதுவாகத்தான் பேசுவான். கிட்டே போய், மூச்சை நன்றாக இழுத்து இழுத்து எண்ணுங்கள்."

"ஒட்டு, ரெட்டு, பூட்டு, டாலு..." என்று ராஜா எண்ணத் தொடங்கினார். ஐம்பதில் இருமினார். நூற்றிருபதில் நான்கு தும்மல். இருநூறு தாண்டியதும் குரல் தெளிந்தது. கடைசியில், "முந்நூறு!" என்று ஒரு முழக்கம். 'ம'வும் 'ந'வும் மணி அடித்ததுபோல வந்து விழுந்தன.

ராஜா வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். மூக்கிலிருந்து அருவி கொட்டியது. ஒன்பது நாளுக்குப் பிறகு அவருக்கு ஒரு வாசனை தெரிந்தது. முகம் சிவந்தது.

"இது நொச்சி! அந்த வைத்தியன் சொன்ன பானை! அடேய், என்னைக் குனியவா வைத்தாய்?"

அடைக்கலநாதர் துள்ளித் திரும்பினார். "ஆமாம் மகாராஜா! இடுப்பு மடங்கக் குனிந்தீர்கள். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!"

"இரண்டு கண்ணாலுமா, மந்திரியாரே?" என்று பரிவோடு கேட்டான் கொழுந்துவேல். "போர்வைப் பக்கம் திரும்பிய கண்ணுக்கு என்ன தண்டனை என்று எழுதியிருக்கிறீர்கள்?"

மந்திரி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நான்... நான் சுவரைத்தான் பார்த்தேன். அதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை."

"அப்படியானால் மகாராஜா குனிந்தாரா?"

"குனியவே இல்லை!"

"வேறு யாராவது பார்த்தீர்களா?"

"இல்லை!" என்று சபை முழுவதும் சுவரிடம் சொன்னது.

கொழுந்துவேல் கைகூப்பினான். "கேட்டீர்களா மகாராஜா? தலையும் குனியவில்லை, மூக்கும் திறந்துவிட்டது. வைத்தியர் சொன்ன பானையால் யாருக்கு என்ன அவமானம்? என் மச்சானின் மூக்கை எதற்கு அறுக்க வேண்டும்?"

ராஜா ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார். சுகமாக இருந்தது. இன்னொரு முறை இழுத்தார். குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியரை மூக்கும் முழியுமாக விடுதலை செய்து பட்டுச் சால்வை போர்த்தினார். கொழுந்துவேலுக்குத் தன் முத்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

பிறகு அவனைக் கிட்டே கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னார்:

"அந்த ஒற்றனை நாளைக் காலையிலும் வரச் சொல். இடது மூக்கில் இன்னும் கொஞ்சம் படை பாக்கி இருக்கிறது."