சங்குத்திட்டில் கேள்வித் தள்ளுபடி

கரைக்காட்டுக்கு எதிரே, கடலுக்குள், சங்குத்திட்டு என்று ஒரு பொடித் தீவு இருந்தது. இரண்டு பனைமரம், ஒரு பாறை, மீதியெல்லாம் மணல். அங்கே குடியிருந்தவை சந்நியாசி நண்டுகள்.

பெயர்தான் சந்நியாசி. வீடு இல்லாமல் கொஞ்ச நேரம்கூட அவற்றால் இருக்க முடியாது! அந்த நண்டுக்குப் பின்பக்கம் ஓடு கிடையாது. வெறும் சதை. மேலே செம்பருந்து வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அதனால் காலியான சங்கு ஒன்றைத் தேடி உள்ளே புகுந்துகொண்டு, அதையே சுமந்து திரியும். உடம்பு வளர வளரச் சங்கு இறுகும். கடல் ஒரு பெரிய சங்கைக் கரையில் ஒதுக்கினால் போதும், எல்லா நண்டும் ஓடிவந்து பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று வரிசையில் நிற்கும். முதல் நண்டு புதுச் சங்குக்குள் போகும். அது விட்ட வீட்டுக்குள் இரண்டாவது போகும். இப்படியே கடைசிப் பொடிசு வரைக்கும். ஒரு சங்கு ஒதுங்கினால் ஊருக்கே புதுமனை புகுவிழா!

வரிசையில் முதலாவதாக நிற்க வேண்டியவள் கொடுக்காயி. தீவிலேயே பெரிய நண்டு. அவளுடைய சங்கு எவ்வளவு இறுகிப்போயிருந்தது என்றால், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வாள்.

தீவுக்கு வருகிறவர்களை விசாரிக்கிற வேலையும் அவளுடையதுதான். கடல் வற்றும்போது கரைக்காட்டிலிருந்து தீவுக்கு ஒரு மணல்பாதை எழும். அதன் முனையிலிருந்த பாறைமேல் கொடுக்காயி உட்கார்ந்திருப்பாள். யார் வந்தாலும் மூன்று கேள்வி.

“யார் நீ? எதுக்கு வந்தே? எப்போ கிளம்புவே?”

இந்த மூன்றாவது கேள்விதான் வம்பாகப் போனது.

ஒருநாள் கரைக்காட்டு மாந்தோப்பிலிருந்து செம்பட்டையன் என்ற குரங்கு, மனைவி வாலம்மாளையும் கூட்டிக்கொண்டு தீவைச் சுற்றிப் பார்க்க வந்தான். கையில் இரண்டு மாம்பழம். முதல் இரண்டு கேள்விக்கும் இளித்துக்கொண்டே பதில் சொன்னான். மூன்றாவதைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. ஏற்கெனவே சிவப்பு, இன்னும் சிவந்தது.

“வாசல்லயே வெச்சு எப்போ கிளம்புவேன்னு கேக்குறியே! இதெல்லாம் ஒரு மரியாதையா?” என்று கத்தினான். “வா வாலம்மா, போலாம்! இவங்க வீட்டுப் பச்சைத் தண்ணிகூட நமக்கு வேணாம்!”

மாம்பழங்கள் திரும்பிப் போவதைத் தீவு முழுக்க நின்று பார்த்தது. பாசியையும் செத்த மீனையும் தின்று தின்று நாக்குச் செத்துப்போன நண்டுகள் அவை. அன்றைக்குக் கொடுக்காயியோடு யாரும் பேசவில்லை.

தீவுக்கு ஓர் அதிகாரி இருந்தார். தொங்குதாடையார் என்ற கூழைக்கடாப் பறவை. அவரை நியமித்தது கரைக்காட்டு யானைராஜா. ராஜா சங்குத்திட்டைப் பார்த்ததே இல்லை. அது ஒரு வகைக் கிழங்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சட்டமெல்லாம் அங்கிருந்துதான் வரும்.

மாம்பழம் திரும்பிப் போன சங்கதியைச் சொல்லத் தொங்குதாடையார் அக்கரைக்குப் பறந்து போனார். திரும்பி வந்து ஊரைக் கூட்டினார்.

“ராஜா உத்தரவு! இன்று முதல் சங்குத்திட்டில் கேள்வித் தள்ளுபடி!”

தள்ளுபடி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், நண்டுகள் குதிக்க ஆரம்பித்துவிட்டன. எதில் தள்ளுபடி, எவ்வளவு தள்ளுபடி என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை!

கொடுக்காயி மட்டும் கேட்டாள். “ஐயா, மூணு கேள்வியுமா தள்ளுபடி?”

“மூன்றும்! யாரும் எப்போதும் வரலாம். நீ இனிமேல் கேட்க வேண்டாம். கொடுக்கைத் தூக்கி ‘வாங்க வாங்க’ என்று சொன்னால் போதும்.”

“முதல் ரெண்டை வேணா விடுங்க. மூணாவது வேணும் ஐயா. கடல் ஏறிட்டா பாதை மூடிடும். அவங்க எப்போ போவாங்கன்னு தெரியாம நாம எப்படி…”

“அநாகரிகம்!” என்றார் தொங்குதாடையார். கூட்டமும் “அநாகரிகம்! அநாகரிகம்!” என்றது.

கொடுக்காயி மறுநாளிலிருந்து கொடுக்கைத் தூக்கி ஆட்டினாள். நண்டு கொடுக்கைத் தூக்கினால் அது வரவேற்கிற மாதிரியா இருக்கும்? கடிக்க வருகிற மாதிரிதான் இருந்தது. இருந்தும் குரங்குகள் வந்தன. கோபித்துக்கொண்டு போன செம்பட்டையனும் வாலம்மாளும்தான் முதலில் வந்தார்கள். ஆளுக்கொரு பழத்தோடு சாரைசாரையாக வந்தன!

முதலில் எல்லாம் ஆனந்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நண்டுகள் பேன் பார்க்கும் கடை போட்டன. குரங்கின் முதுகில் ஏறி, இரண்டு கொடுக்காலும் மயிரை விலக்கி, பேனை நறுக்கென்று எடுப்பதில் நண்டை மிஞ்ச ஆள் கிடையாது. குரங்குகள் கண்ணை மூடிச் சொக்கிப்போய்க் கிடந்தன. ஒரு தலைக்கு ஒரு வாழைப்பழம்! ஜென்மத்தில் முதல்முறையாகத் தீவில் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. தொங்குதாடையாரின் தாடைப்பைக்குள் எப்போதும் நாலைந்து மாம்பழம் கிடந்தது. அதனால் அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. முன்பும் பெரிதாகப் புரிந்ததில்லை.

பிறகு, வந்த குரங்குகள் கிளம்பவில்லை.

“கடல் ஏறிடுச்சே, நாளைக்குப் போறோம்” என்றன. நாளைக்கு வந்ததும் மறுபடி நாளைக்கு என்றன. தப்பித்தவறிக் கிளம்பினவை, “போயிட்டு வரோம்” என்று சொல்லிவிட்டுப் போயின. சொன்ன சொல் தவறாமல் வந்தும்விட்டன! மச்சான், மச்சினி, மாமனார் என்று கூட்டிக்கொண்டு வந்தன. தங்கிவிட்டவர்களிடம் கொண்டுவந்த பழம் தீர்ந்தது. உடனே நண்டுகளின் பாசியில் கை வைத்தன. வாழைப்பழம் வாங்கிப் பேன் பார்த்த கடைகள், “அப்புறம் தரேன்” என்ற பேச்சுக்குப் பேன் பார்த்தன.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருக்கலாம். குரங்குகள் தீவின் ஞாபகத்துக்கென்று சங்கு பொறுக்க ஆரம்பித்தன. காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று, வாலில் ஒன்று. காலிச் சங்கு என்று கரையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொடுக்காயி மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

ஒருநாள் காலை, பெருங்காற்று ஓய்ந்த பிறகு, கரையில் ஒரு சங்கு கிடந்தது. அம்மாடி, என்ன சங்கு! பளபளவென்று, அகலவாய், கொடுக்காயி அளவுக்கே செய்து அனுப்பியது போல!

“வரிசை! வரிசை!” என்று ஊரே கூவியது. பெரியது முன்னால், சிறியது பின்னால் நின்றன. கொடுக்காயி கண் கலங்கிவிட்டாள். பழைய சங்கிலிருந்து மெல்ல, முனகிக்கொண்டே வெளியே வந்தாள். பின்னால் நின்றவர்களும் அவசரத்தில் தங்கள் சங்கைக் கழற்றிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு நீண்ட கை வந்தது.

“அடடே, தொப்பி!” என்றான் செம்பட்டையன். பெரிய சங்கை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். வாலம்மாள் சும்மா இருப்பாளா? கொடுக்காயி கழற்றி வைத்த பழைய சங்கை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

“எப்படி இருக்கு?”

“மகாராணி மாதிரி!” என்றான் செம்பட்டையன். இரண்டு பேரும் ஆடிக்கொண்டே போய்விட்டார்கள்.

வரிசையில் அமளி! மேலே செம்பருந்தின் நிழல் ஓடியது. ஒன்றின் வீட்டில் இன்னொன்று புகுந்தது. தலை எது, வால் எது என்று தெரியாமல் இரண்டு நண்டு ஒரே சங்கில் மாட்டிக்கொண்டு திட்டிக்கொண்டன. கொடுக்காயிக்குப் புக எதுவுமே இல்லை. சந்நியாசி நண்டு அன்றைக்கு நிஜமாகவே சந்நியாசி ஆகிவிட்டாள். கடைசியில் கரையில் ஒதுங்கிய ஒரு கொட்டாங்கச்சி கிடைத்தது. அதைக் கவிழ்த்துக்கொண்டு, அதன் ஓட்டை வழியாக ஒரு கண்ணை நீட்டிப் பார்த்துக்கொண்டே தொங்குதாடையாரிடம் ஓடினாள்.

“ஐயா! இன்னிக்குப் பருந்து என்னைத் தூக்கிட்டுப் போயிருக்கும்! அவங்க எப்போ போவாங்கன்னு இப்பவாவது கேளுங்க!”

தொங்குதாடையார் மாம்பழங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பேசினார். “கேட்க முடியாது. உத்தரவு. வேண்டுமானால் பாதை நெடுக முள் போட்டு, இனி ஒருவருமே வரக்கூடாது என்று எழுதிப் போடச் சொல்கிறேன்.”

“ஐயையோ, வேணாம்!” என்று பேன் கடை நண்டுகள் அலறின. “ஒருத்தருமே வரலைன்னா மறுபடியும் செத்த மீன்தானா?”

கொடுக்காயிக்கு எரிச்சல் வந்தது. “வரவே வேணாம்னு நான் எப்போ சொன்னேன்? எப்போ போவீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னுதானே சொன்னேன்! சரி, கேக்கலை. அவங்க வாயாலயே சொல்ல வைக்கிறேன்.”

கொட்டாங்கச்சி தடதடக்க அவள் குரங்குகளிடம் போனாள்.

“செம்பட்டையண்ணே! வாலம்மாக்கா! நல்ல சேதி. நீங்க இங்க வந்து எவ்வளவு காலமாச்சு! இனிமே உங்களை விருந்தாளின்னு சொன்னா அது பாவம். இன்னிக்கிலிருந்து நீங்க எல்லாரும் இந்த ஊர்க்காரங்க!”

குரங்குகள் கைதட்டின. செம்பட்டையன் நெஞ்சை நிமிர்த்தினான். “பாத்தியா வாலம்மா, எவ்வளவு பாசம்!”

“ஊர்க்காரர்னா ஊர் வழக்கம் உண்டே அண்ணே. முதல் வழக்கம், வீடு மாத்துற வரிசை. எல்லாரும் உடம்புல போட்டிருக்கிற சங்கைக் கழட்டி முன்னால வெச்சிட்டு வரிசையா நிக்கணும். நீங்கதான் பெரியவர், நீங்கதான் முதல்!”

முதல் என்றால் யாருக்குக் கசக்கும்? செம்பட்டையன் தொப்பியைக் கழற்றி மண்ணில் வைத்தான். வாலம்மாள் காதணியைக் கழற்றினாள். கழுத்து, வால், கணுக்கால் என்று எல்லாச் சங்கும் இறங்கின.

“இப்போ முன்னால இருக்கிறவர் தன்னோட சங்கை அடுத்தவருக்கு விட்டுக் கொடுக்கணும்” என்றாள் கொடுக்காயி. சொல்லிக்கொண்டே பெரிய சங்குக்குள் சர்ரென்று புகுந்துவிட்டாள். அப்பாடா! அவள் தும்மினாள். அடக்கி வைத்திருந்த தும்மல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பின்னால் நின்ற நண்டு வரிசை கடகடவென்று வீடு மாறியது.

“அப்போ எனக்கு?” என்றான் செம்பட்டையன்.

“உங்க அளவுக்குக் கடல் ஒரு சங்கை ஒதுக்குற வரைக்கும் நீங்க கழுத்து வரைக்கும் மண்ணுல புதைஞ்சு கிடக்கணும். அசையக் கூடாது. நாங்க அப்படித்தான் கிடப்போம்.”

“என் அளவுக்கா? அப்படிச் சங்கு இருக்கா?”

“இதுவரைக்கும் நான் பாத்ததில்லை. அப்புறம், பேன். விருந்தாளிக்குத்தான் நாங்க பாப்போம். ஊர்க்காரர் ஆனா நீங்கதான் எங்களுக்குப் பாக்கணும்.”

“நண்டுக்கு ஏது பேன்?”

“இருக்கா இல்லையான்னு பாத்தாத்தானே அண்ணே தெரியும்! சாயங்காலம் வரைக்கும் தேடுங்க. சாப்பாட்டுக்குப் பாசி. தொட்டுக்கச் செத்த மீன்.”

வாலம்மாள் செம்பட்டையனை இடித்தாள். செம்பட்டையன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் பனைமரத்தைப் பார்த்தார்.

“ஏம்மா கொடுக்காயி,” என்று செம்பட்டையன் இழுத்தான், “நாங்க ஊர்க்காரங்க எல்லாம் இல்லம்மா. விருந்தாளிதான். சத்தியமா விருந்தாளி!”

“விருந்தாளியா? அப்படின்னா கிளம்புற நாள்னு ஒண்ணு இருக்குமே!”

“இருக்கு, இருக்கு! இதோ, இப்போ கடல் வத்தினதும் கிளம்பறோம்!”

தீவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கடல் வற்றியது. குரங்குகள் வாலைத் தூக்கிக்கொண்டு மணல்பாதையில் ஓடின. வழக்கமாகச் சொல்லும் “போயிட்டு வரோம்” என்பதைச் சொல்லக்கூட ஒருவரும் திரும்பவில்லை.

அப்புறம் தீவு மூடிக்கொண்டதா என்றால், இல்லை. இப்போதும் கேள்வித் தள்ளுபடிதான். யார், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கொடுக்காயி பாறைமேல் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். பழம் கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள், நண்டுக்குப் பல் இருந்தால். பிறகு சொல்வாள்:

“வாங்க, வாங்க! இன்னிக்குக் கிளம்பறீங்களா, நாளைக்கா? சொன்னாத்தானே வழிக்குச் சாப்பாடு கட்டி வைக்க முடியும்!”

அதே மூன்றாவது கேள்விதான். ஆனால் இப்போது அது காதில் விழுகிற விருந்தாளிகளுக்கு உச்சி குளிர்கிறது. செம்பட்டையனே ஒருநாள் கூச்சத்தோடு, கை நிறைய மாம்பழத்தோடு வந்து நின்றான். “நாளைக்கு, கடல் வத்தினதும் கிளம்பிடுவேன்மா” என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். சொன்னபடி கிளம்பியும்விட்டான். கையில் பாசிப் பொட்டலம்! அதை வழியில் கடலில் போட்டானா, தின்றானா என்பது நமக்குத் தேவையில்லாத விஷயம்.

தொங்குதாடையார் மட்டும், இந்த ஏற்பாடெல்லாம் தன் யோசனைதான் என்று யானைராஜாவிடம் சொல்லிவிட்டார். ராஜா, “எந்தக் கிழங்கில்?” என்று கேட்டாராம்.

வருகிறவரிடம் எப்போது கிளம்புவீர்கள் என்று முகத்துக்கு நேரே அன்பாகக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்காமல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, பிறகு வீட்டை இழந்து நிற்பதுதான் மடமை.