நனையாத துண்டு

எங்கள் மடத்துக்கு வருமுன் சென்னியப்பன் ஈரோட்டில் ஒரு துணி ஆலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் போடுகிற அங்கியில் ரத்தம் ஊறாமல் வழிந்துவிடுமே, அந்த மாதிரித் துணி செய்வதுதான் அவர் வேலை. மனைவி தெய்வானையையும் மகனையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே கேட்டார். "எதுவும் ஒட்டாம இருக்கிறது எப்படிங்க, குருவம்மா?"

மடத்துக்குத் தலைவியான குருவம்மா அவரைவிட வயதில் சின்னவர். "அடுப்புக்கு விறகு வேணும், கொஞ்சம் பிளந்து குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மடத்தில் சேருகிறவர் தன் காவித் துண்டுக்குத் தானே சாயம் ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. இங்கே வந்த ஒருவர் நோயில் விழுந்தால், அவர் யாரைத் தேடி வந்தாரோ அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, தன் துண்டை நனைத்து நெற்றியில் போட வேண்டும்.

சென்னியப்பன் சாயத்தோடு நிற்கவில்லை. ஆலையிலிருந்து ஏதோ மருந்து வரவழைத்துத் துண்டில் ஏற்றினார். அதன் பிறகு அதில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். குழம்பு சிந்தினாலும் கறை கிடையாது.

நான் மடத்துச் சமையல்காரன். குழம்புக் கறையிலேயே பிறந்து வளர்ந்தவன். "என்னங்க மாயம் இது?" என்று வாயைப் பிளந்தேன்.

"மாயமெல்லாம் இல்லீங்க. நூல் மேல கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் இருக்கு. மெழுகு மாதிரி ஒண்ணு பூசியிருக்கு. பள்ளத்துல காத்து நிக்கும். தண்ணி மேட்டு நுனியில மட்டும் பட்டு உருண்டு போயிரும். தாமரை இலையும் இதைத்தான் செய்யுது." துண்டைத் தடவிக்கொண்டார். "மனசும் இப்படி ஆயிட்டாப் போதும்."

குருவம்மா அப்போது அந்தப் பக்கம்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குச் சம்மதம்தான் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் சென்னியப்பனின் மகன் குமரவேல் பைக்கில் வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"அப்பா, அம்மாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரில போட்டிருக்கு. வாய் கோணிப்போச்சு. உங்க பேரை மட்டும் சொல்லிக்கிட்டே கிடக்குது. டாக்டரு நம்பிக்கையா எதுவும் சொல்லல. ஒரு தடவை வந்து பாத்துருங்கப்பா."

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் எல்லாத்தையும் விட்டவன். எனக்குன்னு யாரும் இல்ல, தம்பி."

பெற்ற பிள்ளையைப் போய் யாரோ போலத் தம்பி என்கிறாரே, இவரெல்லாம் ஒரு மனுசனா!

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்படியே சுவரோடு சரிந்தான். தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாய்க் கொதித்தது. பாவி, காய்ச்சலோடுதான் அத்தனை தூரம் வந்திருக்கிறான்.

குருவம்மா வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உடனே காருக்குச் சொல்லிவிட்டார். ஈரச் சட்டையைக் கழற்றிப் பையனைப் பாயில் கிடத்தினோம். நான் என் துண்டை நனைக்கப் போனேன். குருவம்மா கை காட்டி நிறுத்தினார்.

"யாரைத் தேடி வந்தான்?"

"சென்னியப்பரைத்தாங்க."

"அப்ப அவரு துண்டு."

சென்னியப்பன் தண்ணீர்க் குண்டாவில் துண்டை அமுக்கி எடுத்தார். தண்ணீரெல்லாம் உருண்டு குண்டாவிலேயே விழுந்தது. மறுபடி அமுக்கினார். கசக்கினார், முறுக்கினார். எடுத்து மகன் நெற்றியில் போட்டார். துண்டு காய்ந்தே கிடந்தது. பையன் "அம்மா" என்று முனகினான்.

"இது தண்ணியைப் பிடிக்காதுங்க, குருவம்மா."

"தெரியுமுங்க."

"வேற துண்டு குடுங்க."

"வழக்கம் உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"பையனுக்குக் கொதிக்குது! வழக்கம் பாக்கற நேரமாங்க இது?" கத்தியே விட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"யாருமில்லைன்னு சொன்னீங்க" என்றார் குருவம்மா.

சென்னியப்பன் அவரைப் பார்த்தார். துண்டை வீசி எறிந்தார். இரண்டு கைகளையும் குண்டாவில் முக்கி, ஈரத்தோடு மகன் நெற்றியில் வைத்தார். சூட்டில் கை காய்ந்தது. ஒரு கை நெற்றியில் இருக்க மறு கையை முக்கினார். அது காய இதை. மாற்றி மாற்றி.

"கண்ணு" என்றார். "குமரா. கண்ணு." அவர் உடம்பெல்லாம் குலுங்கியது. நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

மழை கொஞ்சம் விட்டபோது கார் வந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு போனோம். நெற்றியில் வைத்த கையோடு சென்னியப்பன் குனிந்தபடியே கூட வந்தார். பின் சீட்டில் படுக்க வைத்ததும், பாதி உடம்பு காருக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிட்டார்.

"குருவம்மா, அதே ஆஸ்பத்திரிலதாங்க தெய்வானையும் கிடக்கறா. போனா அவளைப் பாக்காம வர என்னால முடியாது. இத்தனை வருசம் விட்டதெல்லாம் ஒரு நொடியில போயிருமுங்க." "கையை இங்கயே எடுத்துரட்டுங்களா?"

குருவம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுக்கச் சொல்லி நான் எப்பங்க சொன்னேன்?"