மூன்று பேருக்கு ஒரு வட்டில்

சூரியனைப் பார்த்து நேரம் சொன்ன காலம் அது. மேகம் வந்து மூடினால் நேரமும் மூடிக்கொள்ளும். அந்தக் காலத்திலே, ஆற்றோரத்து ஊர் ஒன்றில் வெண்ணி என்றொரு பெண் இருந்தாள். அவள் கதையைக் கேளுங்கள்.

வெண்ணி சந்தையில் கடை போட்டாள். சட்டி இல்லை, பானை இல்லை, விளக்கு இல்லை. நாழிகை வட்டில் மட்டும்தான். அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்க விட்டால் மெல்ல நிறையும். மூழ்கினால் ஒரு நாழிகை.

பக்கத்தில் பொரி விற்ற பிட்டனுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். "நேரம் விக்கிறியா தாயி? அரைப்படி கொடு, நாளைக்குச் சமைச்சுக்கிறேன்" என்று கேலி செய்வான்.

சந்தைத் தலைவரோ கறாராகச் சொல்லிவிட்டார். அமாவாசைக்குள் மூன்று வட்டில் விற்றால் இடம் வெண்ணிக்கு, இல்லாவிட்டால் பிட்டனுக்கு.

ஒன்றும் விற்கவில்லை. அமாவாசையும் வந்தது.

அன்றைக்குப் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். ஒரே வாய்க்காலில் வயல் உள்ளவர்கள். வட்டில் மூழ்கும்வரை ஒருவர் வயலுக்குத் தண்ணீர், பிறகு அடுத்தவருக்கு. அவர்களில் கொற்றன் என்பவர் தன் முறைக்கு மெதுவாக மூழ்கும் வட்டில் கேட்டார். அடுத்தவர் அதைவிட மெதுவாக. மூன்றாமவர் அதையும்விட மெதுவாக. மூவர் முகத்திலும் வாய்க்கால் கரையில் அடித்துக்கொண்ட காயம் இருந்தது.

பிட்டனின் முகம் வாடிப்போயிற்று. வெண்ணி மூன்று வட்டிலை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, இரண்டைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"அண்ணே, மூணு பேருக்கும் ஒண்ணே போதும். ஒரே வட்டில்லே அளந்தா, துளை எப்படி இருந்தா என்ன? எல்லாருக்கும் ஒரே அளவுதானே."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரித்துவிட்டார்கள். ஒரே ஒரு வட்டிலோடு போனார்கள். பொழுது சாய்ந்ததும் இடம் பிட்டனுக்குப் போயிற்று.

வாய்க்காலில் சண்டை நின்றது. சேதி பரவியது. மேல்வாய்க்கால்காரர்கள் வந்தார்கள், கீழ்வாய்க்கால்காரர்கள் வந்தார்கள், கோயில்காரர்களும் வந்தார்கள். வேண்டாததை வேண்டாம் என்று சொல்லி விற்கிற அம்மா எங்கே என்று கேட்டார்கள். பொரி இருக்கிறது என்று பிட்டன் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

பிட்டன் வெண்ணி வீட்டுக்கு ஓடினான்.

"நீயே வந்து உட்காரு தாயி. நான் ஓரமா இருந்துக்கிறேன். வட்டில் மூழ்குறவரைக்கும் நின்னு பார்க்கிறவங்களுக்குக் கொறிக்கப் பொரி வேணுமில்லே?"

அன்று முதல் இரண்டு கடையும் நடந்தன, நன்றாகவே நடந்தன.

தேவைக்கு மேல் ஒன்றைத் தலையில் கட்டாதவர் கடையைத்தான் ஊர் தேடி வரும்.