ஒட்டு நகத்தின்மேல் மஞ்சளுக்கு ஏன் கோபம்

அந்தக் காலத்தில் பறவைகளும் கிழங்குகளும் பேசின. சொன்னதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் முதல் அழைப்பு மஞ்சளுக்கு. மணப்பெண் கையால் அவர் இடிபட்ட பிறகுதான் மற்ற வேலை.

சொக்கி என்று ஒரு மைனா. அப்போதெல்லாம் மைனாவுக்கு அலகும் காலும் கறுப்பு. தன் நகம் குட்டை என்று அவளுக்கு ஓயாத குறை. தன் கல்யாணத்துக்கு முதல்நாள், கெண்டைமீன் செதிலைச் சீவி வேலம்பிசின் தடவி எட்டு நகத்திலும் நீளமாக ஒட்டிக்கொண்டாள். கறை பட்டுவிடுமே என்று மஞ்சளை மட்டும் அழைக்கவில்லை.

விடிந்ததும் அவரே வந்து வாசலில் நின்றார்.

"உன் அம்மா கல்யாணத்துக்கு இடிபட்டேன். அக்கா மூணு பேருக்கும் இடிபட்டேன். என்னை விட்டுட்டு உனக்குக் கல்யாணமா?"

"கத்தாதீங்க மாமா. நாளைக்கு வாங்க."

"எதுக்கு? எச்சில் இலை எடுக்கவா?"

சொக்கி அவரைப் பிடித்து வெளியே தள்ளினாள். எட்டு நகமும் அவர் உடம்பில் இறங்கின. எட்டும் மஞ்சளாயின.

சாம்பல் போட்டாள். போகவில்லை. புளி போட்டாள். போகவில்லை. யாரும் கேட்காமலே காக்கை, "சுண்ணாம்பு போடு, பளிச்சுன்னு ஆயிடும்" என்றது. போட்டாள். நகமெல்லாம் ரத்தச் சிவப்பாயின.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நகத்தைப் பார்த்தாள்.

"யார் வீட்டுக் குஞ்சைக் கிழிச்சுட்டு வந்து நிக்கிறே? டேய், கிளம்புடா!"

சொக்கி வேலியோரம் கிடந்த மஞ்சளிடம் ஓடினாள். "தப்புதான் மாமா. இறங்கிடுங்க."

"சொந்த நகம்னா வளர வளர நானே போயிடுவேன். இது செத்த செதில். நான் எங்கே போறது? நாலு நாள் வெயில்ல நீட்டிக்கிட்டு நில்லு, வெளுத்தாலும் வெளுக்கும்."

"அவங்க இப்பவே கிளம்புறாங்களே!"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

வேறு வழியில்லாமல் சொக்கி ஒவ்வொரு செதிலாக அலகால் கடித்துப் பிய்த்தாள். சுண்ணாம்பு எட்டாமல் அடியில் ஊறிக் கிடந்த மஞ்சள் சாறு அலகிலும் காலிலும் வழிந்தது. நொண்டிக்கொண்டே போய் மாமியார் முன் காலை நீட்டினாள்.

"இதுதான் அத்தை என் நகம். குட்டைதான்."

மாமியார் முகர்ந்து பார்த்தாள். மஞ்சள் வாசனைதான். "இதோடவே வந்து நின்னிருந்தா என்னவாம்?" என்று திட்டிக்கொண்டே மகனை மணையில் உட்காரவைத்தாள். மஞ்சளை மூன்று முறை பந்திக்கு அழைத்தார்கள். அவர் வரவே இல்லை.

அன்று முதல்தான் மைனாவுக்கு அலகும் காலும் மஞ்சள். ஒட்டு நகம் எங்கே கண்ணில் பட்டாலும் மஞ்சள் ஏறி உட்கார்ந்துகொள்வதும், சோப்புப் போட்டால் சிவந்து முறைப்பதும், வெயில் ஒன்றுக்கு மட்டும் இறங்கிவருவதும் அன்று முதல்தான்.