உள்ளே போனவள் என்ன ஆனாள்?

வெகு காலத்துக்கு முன்னால் செங்காட்டு நாட்டை உதயகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் சந்தேகப் பிராணி. வைத்தியர் கஷாயம் கொடுத்தால் முதல் மிடறை வைத்தியரே குடிக்க வேண்டும். எதிரில் யாராவது சிரித்தால், “எதற்குச் சிரித்தாய்?” என்பான். சிரிக்காமல் நின்றால், “ஏன் சிரிக்கவில்லை?” என்பான். அரியணையில் இருக்கும்போதுகூட வலது கை இடுப்பு வாளை விட்டு அகலாது.

ஒருநாள் அவனுடைய அவைக்கு மாதங்கி என்பவள் தன் கூத்துக் குழுவோடு வந்தாள். மொத்தம் நான்கே பேர். கொண்டுவந்தது ஒரு வாழையிலையும் ஒரு சோற்றுப் பானையும்தான்.

நாடகம் இவ்வளவுதான். பெரிய பதவிக்குப் போன மகன் நெடுநாள் கழித்து வீட்டுக்கு வருகிறான். தாய் இலை போட்டுச் சோறு வைக்கிறாள். அவன் ஒரு கவளம் எடுக்கிறான், அவளைப் பார்க்கிறான், கவளத்தை இலையிலேயே வைக்கிறான். “முதலில் நீ சாப்பிடம்மா” என்கிறான். தாய் அவனையே பார்க்கிறாள். பிறகு அந்தக் கவளத்தை எடுத்துத் தின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். மகன் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

முடிந்தது. அரை நாழிகைகூட ஆகவில்லை. அவையில் ஒருவரும் இடத்தை விட்டு எழவில்லை.

இதைக் கண்டு வயிறு எரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தார். ஆஸ்தானப் புலவர் சொல்மாரிக் கவிராயர். அவர் எழுதும் நாடகம் ஏழு நாள் நடக்கும். ஐந்தாம் நாளில் அவருடைய சம்பந்திகூட எழுந்து போய்விடுவார். அவர் மெல்ல ராஜாவின் காதருகே குனிந்தார்.

“பிரபு, இவ்வளவு சின்ன நாடகம் உலகத்தில் உண்டா? எதையோ மறைக்கிறார்கள். உள்ளே போனவள் என்ன ஆனாள்? சோற்றில் என்ன இருந்தது? சொல்லாமல் விட்டதில்தான் சூது இருக்கிறது.”

ராஜாவின் முகம் மாறியது. “பெண்ணே, உள்ளே போனவள் என்ன ஆனாள்?”

“தெரியாது, அரசே. நாடகம் அதோடு முடிந்துவிட்டது.”

“தெரியாதா, சொல்ல மாட்டாயா?”

“தெரியாது.”

“நால்வரையும் சிறையில் அடையுங்கள். உண்மை வராவிட்டால் நான்காம் நாள் தலை போகும்.”

கவிராயர் சொன்னது காதில் விழுந்த அமைச்சர் திருமேனியார் அப்போது எழுந்தார். “அரசே, மறைத்தது இன்னதென்று கவிராயருக்குத் தெரிந்திருக்கிறது. அவரே அந்த மிச்சத்தை எழுதட்டும். இவர்களே அதை நடிக்கட்டும். சூது இருந்தால் வெளியே வந்துவிடும்.”

கவிராயருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றே ஏடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சிறைக்கு வந்த அமைச்சரை மாதங்கி நம்பவில்லை. “எங்கள் கழுத்துக்குக் கயிறு திரிக்க அந்த மனுஷனிடமே கொடுத்துவிட்டீர்களே ஐயா. நீங்கள் யார் பக்கம்?”

“அவர் எழுதியதை ஒரு வரிகூட விடாமல் நடி அம்மா. அது போதும்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கவிராயரின் நாடகம் தொடங்கியது. உள்ளே போன தாய் அடுப்பைப் பற்றிப் பதினாறு பாட்டுப் பாடினாள். வைத்தியர் வந்து விஷங்களின் வகைகளை விளக்கினார். அவர் சொன்னதையே பக்கத்து வீட்டுக்காரி திருப்பிச் சொன்னாள். பிறகு விஷமே வேடம் கட்டி வந்து தன் பிறந்த ஊரையும் குலத்தையும் சொல்லத் தொடங்கியது. காவலர்கள் ஈட்டியில் சாய்ந்தார்கள். ராஜாவின் தாடை மார்பில் இறங்கியது.

உச்சிப் பொழுதில் ராஜா திடுக்கிட்டு விழித்தான். கை இடுப்புக்குப் போனது. உறை காலி. எதிரே, உருவிய வாளோடு திருமேனியார் நின்றார்.

“நீருமா?” என்றான் ராஜா.

அமைச்சர் மண்டியிட்டு வாளை அவன் காலடியில் வைத்தார். “மன்னிக்க வேண்டும், அரசே. விஷம் தன் ஊர்ப்பெயரைச் சொன்னபோது இதை உருவினேன். அதற்கு மூன்று தங்கைகளாம். மூவருக்கும் கல்யாணம் ஆகி முடியும்வரை இதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒருவரும் பார்க்கவில்லை.”

“முதல் நாள் இவர்கள் நாடகத்தின்போது ஏன் உருவவில்லை?”

“அன்று நீங்கள் இமைக்கவில்லை. காவலரும் இமைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உங்கள் வாள் இருக்கும் பக்கம் நானே திரும்பவில்லை. அந்தத் தாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு நாடகங்களில் எது உங்கள் உயிருக்கு ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.”

ராஜா மெல்லக் கவிராயர் பக்கம் திரும்பினான். “என்னைத் தூங்கவைக்க உமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

கவிராயர் கைகூப்பினார். “சத்தியமாக யாரும் இல்லை பிரபு. நான் எப்போதும் எழுதுவதே இப்படித்தான்.”

அவை சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று அன்று ராஜா கேட்கவில்லை. மாதங்கியை அருகே அழைத்தான்.

“இப்போதாவது சொல். சோற்றில் விஷம் இருந்ததா?”

“தங்களுக்கு என்ன தோன்றியது?”

“முதல் நாள், இருந்தது என்று பட்டது. மறுநாள், இல்லை என்று பட்டது. இன்று காலை…” ராஜா தரையைப் பார்த்தான். “விஷம் இல்லாத சோற்றை விழுங்குவதுதான் அவளுக்கு அரிதாக இருந்திருக்கும், பெற்ற மகனே சந்தேகப்பட்டானே என்று பட்டது.”

“நாங்கள் அரை நாழிகை நடித்தோம், அரசே. நீங்கள் மூன்று நாளாக அதை மனதுக்குள்ளே நடத்தியிருக்கிறீர்கள். இனி நான் ஒரு சொல் சேர்த்தாலும் அது கெட்டுப்போகும்.”

ராஜா நால்வருக்கும் பட்டாடை போர்த்தி, நாட்டில் எந்த ஊர் மன்றத்திலும் ஆட உரிமை எழுதிக் கொடுத்தான். அமைச்சருக்குத் தன் கை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். கவிராயர் ஓராண்டு மாதங்கியின் குழுவோடு சுற்ற வேண்டும், வசனமே இல்லாத வேடங்களில் நடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டான்.

கவிராயர் மரமாக நின்றார், வாசற்காவலனாக நின்றார், உள்ளுக்குள் குமுறினார். நான்காம் மாதம் ஒரு மலையடி ஊரில், மகனைப் பறிகொடுத்த தகப்பனாக வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்க வேண்டிய வேடம். நின்றார். முன்வரிசையில் இருந்த ஓர் உழவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார்.

கூத்து முடிந்ததும் கவிராயர் மாதங்கியிடம் ஓடினார். “நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே, தாயே. அவர் எதைக் கேட்டு அழுதார்?”

“போய் அவரைக் கேளுங்கள்” என்றாள் அவள்.

கவிராயர் இரண்டடி நடந்தார். உழவர் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பி வந்தார்.