பூசாரி மான் கொடுத்த வாக்கு

கடமான்களுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் சண்டை மூண்டுவிட்டது. அந்தக் கோடையில் காட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குளம். மான்களுக்குக் குடிக்கத் தெளிந்த தண்ணீர் வேண்டும். பன்றிகளுக்குப் புரளச் சேறு வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எப்படிக் கிடைக்கும்? கேட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. முட்டிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது.

மான்களுக்குப் பூசாரி திருமேனி என்ற மான். குளக்கரைப் பாறைதான் சாமி. சண்டைக்குப் போகும் ஒவ்வொரு மானின் நெற்றியிலும் திருமேனி பாறையடிச் செம்மண்ணைக் குழைத்து இடும்.

"மண் இட்ட உடம்புமேல ஒரு கீறல் விழாது! இது சாமி வாக்கு!" என்று கணீரென்று சொல்லும்.

சாமி அப்படிச் சொன்னதா என்று யாரும் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லித் திருமேனிக்கே அது உண்மையாகிவிட்டது.

அன்று மாலை சண்டையிலிருந்து திரும்பிய கூட்டத்தில் இசக்கி இல்லை. இசக்கி அப்போதுதான் கொம்பு கிளைவிட்ட இளம் மான்.

"இசக்கி எங்கேடா?" என்று திருமேனி பதறியது.

"போயிட்டான் சாமி!" என்று கூடப் போன மான் அழுதது. "பன்றி பாய்ஞ்சு வந்துச்சு. கொம்பைத் தாழ்த்துடான்னு கத்தினேன். அவன் தாழ்த்தவே இல்ல!"

"ஏன்?"

"குனிஞ்சா புதர்ல உரசி நெத்தி மண்ணு அழிஞ்சிடுமாம். சாமி கொடுத்ததை அழிக்கக் கூடாதுன்னு நிமிர்ந்தே நின்னான். கோரைப்பல் நெஞ்சுல ஏறிடுச்சு!"

திருமேனிக்கு உலகமே இருண்டது. பாறையிடம் ஓடியது.

"நீ இருக்கியா, இல்லையா? இருந்தா ஏன் வாக்கைக் காப்பாத்தல?" என்று கத்தியது. கோபத்தில் பாறையை ஒரு முட்டு முட்டியது. கொம்பு வலித்ததுதான் மிச்சம்.

"இத்தனை காலமும் வெறுங் கல்லோடவா பேசிக்கிட்டிருந்தேன்?" என்று விம்மியது. அழுது ஓய்ந்தபோது அதற்கு ஒன்று உறைத்தது. சாமி எப்போது வாக்குக் கொடுத்தது? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. கொடுத்ததெல்லாம் தன் வாய்தான்! சாமி உண்டா இல்லையா என்பது திருமேனிக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் இசக்கியைக் கொன்ற பொய் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

விடிந்ததும் மான்களின் தலைவன் கொம்பையா படையோடு வந்து நின்றது.

"இன்னிக்கு மண்ணை அள்ளி அப்புங்க சாமி! பசங்க பயந்து கிடக்கிறானுங்க!"

"இட மாட்டேன்!" என்றது திருமேனி. "கீறல் விழாதுன்னு சாமி சொல்லல. நான்தான் சொன்னேன். அது பொய்!"

கொம்பையாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உனக்குப் பக்தி போயிடுச்சு!"

"போயிருக்கலாம். அது எனக்கும் சாமிக்கும் உள்ள வழக்கு. ஆனா இனி ஒரு பிள்ளையையும் பொய்யை நம்ப வச்சு அனுப்ப மாட்டேன். பன்றிங்ககிட்ட நானே போறேன்!"

சொன்னபடியே போனது. பன்றித் தலைவன் கருப்பட்டி உறுமிக்கொண்டு எதிரே வந்தது.

"தனியா வந்திருக்கியே! உன் சாமி உன்னைக் காப்பாத்துமா?"

"தெரியாது."

"அப்புறம் எந்தத் தைரியத்துல வந்தே?"

"தைரியமா? என் காலைப் பாரு, எப்படி நடுங்குதுன்னு! காலையில எங்களைத் தண்ணி குடிக்க விடு. வெயில் ஏறினதும் குளம் உங்களுக்கு, ஆசை தீரப் புரளுங்க. நேத்து எங்க பிள்ளை செத்தான். உங்க பக்கமும் செத்திருப்பாங்க."

கருப்பட்டி உறுமுவதை நிறுத்தியது. அதன் தம்பியும் முந்தின நாள்தான் செத்திருந்தது.

"பொய் சொல்லாத பூசாரியை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றது கடைசியில்.

"நேத்து வரைக்கும் சொன்னவன்தான்" என்றது திருமேனி.

"சரி, போ! காலைத் தண்ணி உங்களுக்கு!"

திருமேனி கொண்டுவந்த சேதியைக் கேட்டதும் மான்கள் துள்ளிக் குதித்துக்கொண்டு குளத்தில் இறங்கின. திருமேனியைக் கொம்பையாவே புகழ்ந்தது. இசக்கியின் தாய் சொர்ணம் மட்டும் கரையில் நின்றது.

"அது பொய்யின்னு இன்னிக்குச் சொன்னியே சாமி, அதை நேத்துக் காலையில சொல்லியிருந்தா என் பிள்ளை குனிஞ்சு சண்டை போட்டிருப்பானே!"

சொர்ணம் தண்ணீரில் வாய் வைக்கும்வரை திருமேனி அதன் பக்கத்திலேயே நின்றது.

சாமியின் பேரைச் சொல்லி நாம் கொடுக்கும் வாக்குக்குச் சாமி பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு.